பாதி வரியில் விழும் சிவப்புக் கோடு

அன்பும் பண்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம், தங்கள் அத்தை நலம், தாங்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்பும் நலம். தங்கள் மனைவியும் நலம். மாப்பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் அவர் மனைவியின் நலத்தையும் மாமனாரே சேர்த்து எழுதும்படி ஆகிவிட்டதே என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். ‘ஆபீஸ்ல டிரெய்னிங்ப்பா, இங்கதான் பக்கத்துல, ஒரு வாரம்’ என்று இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒரு வார டிரெய்னிங்குக்குக் கம்பளிச் சட்டை எதற்கடி என்று தங்கள் அத்தை கேட்டதற்கு, ‘ஏசி ரூம்மா’ என்றாள். அந்த வாரம் முடிந்து பல வாரம் ஆகிவிட்டது. டிரெய்னிங் முடிந்தபாடில்லை; அதற்காக அவள் ஒருநாளாவது வாசலைத் தாண்டிப் போனதாகவும் தெரியவில்லை. தன் அறையில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், தங்கள் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். அவள் திரும்பத் தங்கள் வீட்டுக்கு வருவாளா என்பதை நினைத்து நானும் தங்கள் அத்தையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நாம் இருவரும் போனில் பேசுகிற லட்சணம் தாங்கள் அறியாததல்ல. ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்பீர்கள். ‘நல்லா இருக்கேன், நீங்க?’ என்பேன். ‘நல்லா இருக்கேன்’ என்பீர்கள். அதற்குமேல் சரக்கு இல்லாமல், ‘இதோ அத்தைகிட்ட குடுக்கிறேன்’ என்று போனைக் கைமாற்றிவிடுவேன். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளனாக இருந்தபோது மைக்கைப் பிடித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி முழங்கியவன் நான். மாப்பிள்ளை குரலைக் கேட்டால் மட்டும் போனை யாரிடம் கொடுக்கலாம் என்று ஆள் தேடுகிறேன். அதனால்தான் கடிதம்.

கடிதத்தையும், புரோகிராம் எழுதுவதற்கென்று தாங்கள் லேப்டாப்பில் போட்டுக்கொடுத்த அந்த எடிட்டரிலேயேதான் அடிக்கிறேன். வேறு எதிலும் எனக்கு அடிக்கத் தெரியாது. பாவம் அது, இதையும் ஏதோ புரோகிராம் என்றே நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை நான் சேமிக்கும்போதும் பிழை பார்க்கிறது. முதல் வரியிலேயே பிழை என்று கோடு விழுந்துவிட்டது. ‘அன்பு’ என்றால் தனக்குத் தெரியாதாம், எந்தச் சொல்லையும் இன்னதென்று முன்னாலேயே அறிவிக்க வேண்டுமாம், அப்படி ஒன்றை நான் எங்கேயும் அறிவிக்கவே இல்லையாம். ‘பண்பு’ம் தெரியாதாம். ‘மாப்பிள்ளை’யும் தெரியாதாம். கடிதத்தை அச்செடுத்து அனுப்பும்போது கோடுகள் தாளில் வராது என்று நம்புகிறேன். வந்திருந்தால், அது மெஷினின் அபிப்பிராயமே தவிர என்னுடையது அல்ல.

தங்களுக்கு நினைவிருக்கும். போன தடவை தாங்கள் வந்திருந்தபோது பெண்கள் இருவரும் கடைக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் நாம் இருவர், தலைக்கு மேலே மின்விசிறி. நான் விசிறியைப் பார்த்தேன், தாங்களும் விசிறியைப் பார்த்தீர்கள். ‘நல்லா சுத்துது’ என்றேன். ‘ஆமா, நல்லா சுத்துது’ என்றீர்கள். நல்லவேளையாக மேசைமேல் மோட்டார் முறைத்தாள் கிடந்தது. எந்த நாள் எந்த வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பவேண்டும் என்று, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் பென்சிலால் எழுதி, சண்டை வந்ததும் அழித்து, மறுபடி எழுதி, தாளே ஓட்டையாகியிருந்தது. தாங்கள் அதை எடுத்துப் பார்த்து, ‘வந்து... இதுக்கு நீங்களே சின்னதா ஒரு புரோகிராம் எழுதிடலாம். நான் காட்டட்டுமா?’ என்றீர்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் தாங்கள் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். தங்கள் பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ‘என் கணக்குலயே போட்டுடறேன், அப்பத்தான் என்னோட செட்டிங்ஸ் எல்லாம் தானா இங்க வந்துடும்’ என்றீர்கள். தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, புரிந்தவன்போலத் தலையை ஆட்டிவைத்தேன். ‘தப்பா அடிச்சா அதுவே கோடு போட்டுக் காட்டிடும், பயப்படாதீங்க’ என்றீர்கள். பெண்கள் திரும்பி வந்து, நாம் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அந்த மத்தியானம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, மாப்பிள்ளை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தாங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் நான் தனியாக உட்கார்ந்து ஒரு வரி அடித்தேன். எழுத்துக்களுக்கு அடியில் சிவப்பாக எதுவோ நெளிந்தது. பூச்சியென்று நினைத்துத் தட்டினேன், போகவில்லை. தங்கள் அத்தை எட்டிப் பார்த்து, ‘கண்ணாடி கீறிடுச்சு போலிருக்கு. மாப்பிள்ளை பொருளைக் கெடுத்துட்டீங்களே’ என்று ஈரத்துணியைக் கொண்டுவந்தாள். நான் துடைக்க, துணி கீபோர்டில் பட்ட இடத்திலெல்லாம் ஏதேதோ எழுத்து விழுந்து, ஒரு கோடு ஐந்தாறு கோடாகிவிட்டது. அப்புறம்தான் அது பிழை காட்டும் கோடு என்று நினைவுக்கு வந்தது. கோட்டின்மேல் மவுஸின் அம்பை வைத்தால் ஒரு சின்னப் பெட்டி திறந்து, ‘எதிர்பாராத முடிவு’ என்றது. டிப்போவில் யாராவது காலமாகிவிட்டால்தான் அறிவிப்புப் பலகையில் அந்த மாதிரி எழுதுவோம். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு இவ்வளவு துக்கமா!

அதைவிடப் பெரிய கூத்து அடைப்புக்குறி. ஒருநாள் காலையில் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. முந்தின நாள் அத்தனையும் சரியாக இருந்தது. வரி வரியாகப் பார்த்தேன். இரண்டாம் மாடித் தையல்காரரின் வரியில் கோடு, கீழ்வீட்டுப் பல் டாக்டரின் வரியில் கோடு, என் பெயர் இருக்கிற வரியிலும் கோடு. ஒவ்வொன்றையும் அடித்துத் திருத்தி, சரியாக இருந்ததையெல்லாம் கெடுத்து, மத்தியானத்துக்குள் தலை கிறுகிறுத்துவிட்டது. கடைசியில் பார்த்தால் ரொம்ப மேலே, கோடே விழாத ஒரு இடத்தில், நான் திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறேன். அதை மூடியதும் அத்தனை சிவப்பும் ஒரே நொடியில் காணாமல் போயிற்று. தப்பு நடந்த வரி ஒன்று, கோடு விழுகிற வரி வேறு. இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. நான் இரண்டு எழுத்து அடிப்பதற்குள் கோடு போட்டுவிடும். மூன்றாவது எழுத்துக்கு விரல் போய்க்கொண்டிருக்கும், அதற்குள் ‘இப்படி ஒன்று இல்லை’ என்னும். ‘இரப்பா, இன்னும் முடிக்கலை’ என்பேன். அடுத்த எழுத்துக்கு மறுபடி கோடு. ‘அதான் சொல்றேனே, முடிக்க விடு!’ என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்று தங்கள் அத்தை ஓடிவந்து பார்த்தாள். திரையைக் காட்டினேன். ‘அதுகூடவா சண்டை போடறீங்க?’ என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை, நான் சொல்லப்போவது என்னவென்று எனக்கே முழுதாகத் தெரியாதபோது அது தப்பென்று இன்னொருவர் முடிவு செய்துவிட்டால், அப்புறம் சொல்லவே தோன்றுவதில்லை. ஒரு கட்டத்தில் விரலைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

கோபத்தில் அந்தச் சோதனையையே மொத்தமாக அணைத்து வைத்தேன். ஆஹா, என்ன அமைதி! கோடும் இல்லை, பெட்டியும் இல்லை. என் புரோகிராமை ஓடவிட்டு, வந்த முறைத்தாளைக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, ராஜா மாதிரி படுத்துத் தூங்கினேன். மறுநாள் காலை மொத்தக் குடியிருப்பிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. பல் டாக்டர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு, என் வாசலில் நிற்கிறார். ‘இன்னிக்கு யார் முறை சார்?’ என்று கேட்கிறார். போய்ப் பார்த்தால், மூன்றாம் மாடியில் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிற காலி வீட்டின் முறை. வீட்டின் பெயரை மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் அடித்துவைத்திருக்கிறேன். எந்தப் பெயரும் பொருந்தாததால் புரோகிராம் பேசாமல் காலி வீட்டின் தலையில் கட்டிவிட்டது. சோதனையை அணைக்காமல் இருந்திருந்தால் ‘இந்தப் பெயர் யார்?’ என்று அது அப்போதே கேட்டிருக்கும். ஆக, பிழையே சொல்லாத ஆள் கூட இருந்தாலும் ஆபத்துதான் என்று அந்த நுரையின் முன்னால் நின்றபடி ஒத்துக்கொண்டேன். தங்களுக்காகத்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். பிழை சொல்வது குற்றம் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அப்படியென்றால் அதை நம் வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஒரு கை பார்த்துவிட முடிவு செய்தேன். செட்டிங்ஸ் என்ற இடத்துக்குள் நுழைந்தேன். அது ஒரு பெரிய மாளிகை மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே பத்துக் கதவு. முதலில் கோட்டின் நிறம். சிவப்பைப் பார்த்தால் பரீட்சைத் தாள் ஞாபகம் வருகிறதே என்று பச்சையாக்கினேன். தங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு, ‘அடேயப்பா, எல்லாத்துக்கும் சரின்னு போட்டிருக்கே!’ என்று சந்தோஷப்பட்டாள். நானும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு மஞ்சளுக்கு மாற்றினேன். மஞ்சள் கோடு அதட்டுவதில்லை, ‘கொஞ்சம் பாருங்களேன்’ என்கிறது.

அடுத்ததாக ஒரு அருமையான இடத்தைக் கண்டுபிடித்தேன். கடைசி எழுத்தை அடித்து எவ்வளவு நேரம் கழித்துச் சோதிக்கவேண்டும் என்று நாமே சொல்லலாமாம்! அதுவரைக்கும் அது கண் சிமிட்டும் நேரம்தான் பொறுத்திருந்திருக்கிறது. நீட்டினேன். இன்னும் நீட்டினேன். ரொம்ப நீட்டியதில், நான் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து எல்லாம் சரி என்று மூடப்போகும் சமயத்தில் திடீரென்று பத்துக் கோடு போட்டது. அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ‘சேமித்த பிறகு மட்டும்’ என்று ஒன்று இருந்தது. நான் எழுதி முடித்து, இதுதான் நான் சொல்ல வந்தது என்று சேமித்த பிறகு மட்டும் பார்க்கும். அதைப் போட்டதிலிருந்து எனக்கும் அதற்கும் சண்டையே இல்லை. அது முன்னால் சொன்ன அதே பிழைகளைத்தான் இப்போதும் சொல்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் கேட்டுக்கொள்ள முடிகிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது. எந்தப் பிழைக்கு என்ன சொல்லவேண்டும் என்று அந்த வாசகங்களையும் நாமே எழுதிக்கொள்ளலாம் என்று இன்னொரு கதவு திறந்தது. ‘எதிர்பாராத முடிவு’ என்பதை முதலில் தூக்கினேன். ‘ஐயா, இங்கே எதுவோ விட்டுப்போயிருக்கிறது’ என்று அடித்தேன். ஐயா என்றால் மனு மாதிரி இருந்தது. ‘சார்’ என்று போட்டேன், டிப்போ மாதிரி இருந்தது. அப்புறம், யாரும் பக்கத்தில் இல்லையா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ‘மாமா, இங்க ஒரு அடைப்புக்குறி விட்டுப்போச்சு போலிருக்கு, பார்த்துக்கோங்க’ என்று போட்டேன். நன்றாக இருந்தது. ‘மாமா, இந்தப் பேர் எனக்குத் தெரியலையே, புதுசா?’ என்று அடுத்ததையும் மாற்றினேன். வரி பாதியில் நின்றால் வருகிற செய்தியை ரொம்ப நேரம் யோசித்து, ‘மாமா, அவசரமே இல்லை. நீங்க சொல்ல வந்ததை முடிங்க. நான் காத்திருக்கேன்’ என்று எழுதினேன்.

தாங்கள் என்னை இதுவரைக்கும் எப்படியும் கூப்பிட்டதில்லை. ‘வந்து...’ என்பீர்கள், ‘இங்க பாருங்க’ என்பீர்கள், அதுவும் முடியாவிட்டால் லேசாக இருமுவீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நானும் என் மாமனாரிடம் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு ஆசை. ஒரு அரைப்புள்ளியை விட்டால் போதும், மாமா என்று கூப்பிடுகிறது. சில நாள் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் உங்க மனைவி இரண்டு பெட்டியோடு வந்தது. எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சமையலறையில் அம்மாவிடம் மட்டும் வாயைத் திறந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிறவன் மாதிரி காதை அந்தப் பக்கம் வைத்திருந்தேன். ‘நான் பேச ஆரம்பிச்சா போதும்மா, என் வாக்கியத்தை அவர் முடிச்சு வைக்கிறார். அதுவும் தப்பா முடிக்கிறார். அன்னிக்கு ‘எனக்கு இந்த வீட்டுல’ன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான் சொன்னேன். ‘திரைச்சீலை பிடிக்கலை, அதானே? மாத்திடலாம்’னு போனை எடுத்துக் கலர் காட்ட ஆரம்பிச்சுட்டார்’ என்றாள். ‘சரி, மாத்தினாரா?’ என்று கேட்டாள் உங்க அத்தை. ‘மாத்திட்டாரும்மா! மறுநாளே ஆள் வந்து மாட்டிட்டுப் போயிட்டான். அதுக்குத்தான் கோபமே!’ என்று அழுதாள். உங்க அத்தை எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்த அடைப்புக்குறிதான் ஞாபகம் வந்தது. கோடு விழுந்தது திரைச்சீலையில். தப்பு அங்கே இல்லை, ரொம்ப மேலே எங்கேயோ திறந்து மூடாமல் கிடக்கிறது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த நாள் நான் மோட்டார் முறை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் வந்து நின்றாள். திரையில் சரியாக அந்தச் செய்தி. ‘மாமா, அவசரமே இல்லை. நீங்க சொல்ல வந்ததை முடிங்க. நான் காத்திருக்கேன்.’ அவள் குனிந்து இரண்டு தடவை படித்தாள். ‘இதை யாருப்பா எழுதினது? அவரா?’ என்றாள். உங்களைப் பற்றி அவள் மனசில் நல்லதாக ஒன்று விழட்டுமே என்று, ‘ஆமாம்மா, மாப்பிள்ளைதான்’ என்றேன். மாப்பிள்ளை, நல்ல எண்ணத்தில் சொன்ன பொய் இப்படியா திருப்பி அடிக்கும்! ‘ஓ! உங்களுக்குன்னா காத்திருப்பாரா? நீங்க ஒரு வரி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கத் தெரியுது. என்கிட்ட மட்டும் பாதியிலயே சிவப்புக் கோடு!’ என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனவள், ஒவ்வொரு துணியையும் உதறின உதறலில் கீழ்வீட்டுக்காரர் பட்டாசா என்று கேட்டார்.

அன்று முழுக்க என்னோடும் பேசவில்லை. உங்களைத் தூக்கிவிடப் போய் உங்களைப் பள்ளத்தில் தள்ளினதுதான் மிச்சம். அப்புறம் ஒரு சாயங்காலம், மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்க நானும் கூடப் போனேன். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான், நடுவில் போர்வை. மடிக்கிறபோது, ‘அப்பா, அன்னிக்கு நான் அவர்கிட்ட...’ என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என் நாக்கு நுனியில் நாலு பதில் இருந்தது. ‘விடும்மா, எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான்’ என்பது ஒன்று. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, போர்வையின் நுனியைப் பிடித்தபடி நின்றேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது, மாப்பிள்ளை. சும்மா இருப்பது இவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியாது. அவள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். ‘எனக்கு இந்த வீட்டுல’ என்று ஆரம்பித்து அவள் அன்று உங்களிடம் சொல்ல வந்தது முழுதையும் சொன்னாள்.

அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. கை துறுதுறு என்கிறது, ஒரே ஒரு வரிதான். ஆனால் அது அவளுடைய வாக்கியம். அதை உங்களிடம் நான் முடித்து வைத்தால் நீங்க செய்ததையே நானும் செய்தவனாவேன். இது மட்டும் சொல்கிறேன். அது திரைச்சீலையைப் பற்றி இல்லை. அது குறையே இல்லை. அவள் உங்கமேல் எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாள் என்று சொல்ல வந்திருக்கிறாள். சொல்லி முடித்ததும் போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்தப் போர்வையை மறுபடி துவைக்கப் போட்டேன்.

அதனால் மாப்பிள்ளை, உங்களிடம் ஒரு உதவி கேட்கத்தான் இவ்வளவு நீட்டினேன். உங்களைப் பற்றி நான் சொல்லிவைத்த பொய்யை நீங்க உண்மையாக்கணும். நான் அந்தச் செட்டிங்ஸில் எழுதிவைத்த மாப்பிள்ளை மாதிரி ஒருதடவை இருந்து பாருங்க. கெட்ட எண்ணத்தில் நீங்க குறுக்கே பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் கஷ்டப்பட்டுத் தேட வேண்டாமே, நாமே எடுத்துக் கொடுத்துவிடலாமே என்கிற அவசரம். நல்ல மனசுதான், வேகம்தான் அதிகம். வாங்க. வந்து ஒன்றும் பேசாமல் உட்காருங்க. விசிறி இருக்கிறது, வேண்டுமானால் அதைப் பாருங்க. அவள் ஆரம்பிப்பாள். நடுவில் நிறுத்துவாள். அந்த இடம்தான் முக்கியம். அங்கே கோடு போடாமல் இருந்தால் போதும், மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள். பிழை இருந்தால் அப்புறம் சொல்லுங்க, அவளும் உங்களுக்குச் சொல்லட்டும். மஞ்சள் நிறத்தில் சொல்லுங்க.

தங்கள் அத்தை தங்களை மிகவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடவும். புதுத் திரைச்சீலை நன்றாக இருப்பதாகவே கேள்விப்பட்டேன், அதைக் கழற்றிவிட வேண்டாம். நீங்கள் இருவரும் நீடூழி ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
(அன்பு இன்னும் அறிவிக்கப்படவில்லை என்றே இது சொல்கிறது)
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் நீங்க படிக்க வேண்டியதே இல்லை போலிருக்கிறது. ஆசியை அடித்து முடித்துத் திரும்பினால் நாற்காலிக்குப் பின்னால் உங்க மனைவி நிற்கிறாள். எந்த வரியிலிருந்து நிற்கிறாளோ தெரியவில்லை, கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது, சிரிக்கவும் சிரிக்கிறாள். ‘அந்தக் காத்திருக்கேன்னு வர்றதை நீங்கதான் எழுதினீங்கன்னு அன்னிக்கு மொட்டைமாடியிலேயே புரிஞ்சுடுச்சுப்பா. அவர் எந்தக் காலத்துல உங்களை மாமான்னு கூப்பிட்டிருக்கார்?’ என்கிறாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதோடு விட்டாளா? திரையின் மூலையில் வட்டமாக ஒரு சின்னப் படம் இருப்பதைக் காட்டினாள். இத்தனை நாளும் அதைப் பொத்தான் என்று நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் நீங்க.

‘இது அவரோட கணக்குப்பா. நீங்க இங்க எதை மாத்தினாலும் அவர் கம்ப்யூட்டர்லயும் மாறும்.’

‘அப்ப அந்த மஞ்சக் கோடு?’

‘அங்கயும் மஞ்சள்தான்.’

‘முடிச்ச பிறகு பார்க்கிறது?’

‘அங்கயும்தான்.’

‘அப்ப... அந்த மாமா?’

‘அவர் ஆபீஸ்ல ஒவ்வொரு தப்புக்கும் அவரையே மாமா மாமான்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கும்’ என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், ‘அவர் நினைச்சா ஒரு நொடியில பழையபடி மாத்தியிருக்கலாம்ப்பா. மாத்தலை’ என்றாள். சொல்லிவிட்டு என் நாற்காலியின் கைப்பிடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் பதற்றத்தில் சேமிக்கிற பொத்தானை அழுத்திவிட்டேன். வழக்கம்போல அடியில் செய்தி வந்தது. ஆனால் அது நான் எழுதின செய்தி இல்லை. ‘நான் காத்திருக்கேன்’ என்று நான் வைத்திருந்த இடத்தில் வேறு எழுத்து இருக்கிறது. ‘மாமா, நான் அவகிட்ட’ என்று இருக்கிறது. அவ்வளவுதான். அதற்குமேல் இல்லை. அங்கே உங்க கம்ப்யூட்டரில் அதே வாசகத்தை மாற்றி நீங்க இப்போதுதான் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது, பாதியில் நிற்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மாமா என்றுதான் இருக்கிறது. நான் எழுதாத மாமா.

‘அவகிட்ட என்னவாம்? மன்னிப்புக் கேட்கணுமாமா? இல்ல, கிளம்பி வர்றாராமா? அதாத்தான் இருக்கும், நாளைக்கே...’ என்று நான் பரபரவென்று ஆரம்பித்தேன். உங்க மனைவி அந்தப் பாதி வரியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கைமேல் கையை வைத்து அழுத்தினாள்.

‘சும்மா இருங்கப்பா’ என்றாள். ‘அவர் முடிக்கட்டும்.’